பி.இ. முடிச்சிட்டு இன்சூரன்ஸ் டெஸ்க்ல 15,500: இதுக்கு மேல எம்பிஏ வேற படிக்கணுமா?

வந்த லெட்டர சுருக்கிப் போடுறேன், ஊரு பேரு தவிர அடையாளம் எதுவும் வைக்கல:

"அண்ணே வணக்கம். எனக்கு திருமங்கலம் பக்கம். 2020ல பி.இ. இசிஇ முடிச்சேன். கேம்பஸ்ல கிடைச்ச ஆஃபர் கொரோனால நின்னுபோச்சு. ரெண்டு வருஷம் வீட்ல இருந்தேன், இப்ப மூணு வருஷமா மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருக்கேன். சேரும்போது 13,500, இப்ப 15,500. என் கூடவே சேர்ந்த ப்ளஸ் டூ பொண்ணுக்கு 12,000 தான் போட்டாங்க. ஆனா பக்கத்து சீட்டு அக்கா, அவங்களும் ப்ளஸ் டூ தான், 12 வருஷ சர்வீஸ், 22,000 வாங்குறாங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தி கோயம்புத்தூர்ல படிச்ச லைன்லயே இருக்கா, 32,000. ஹைக் கேட்டா 'நீ பி.இ., எப்படியும் போயிருவ'ங்குறாங்க. அப்பா கரஸ்ல எம்பிஏ சேருங்கறாரு, சித்தப்பா குரூப் 4 எழுதுங்கறாரு. மதுரையத் தாண்டி அனுப்ப மாட்டாங்க. என் டிகிரிக்கு மதிப்பே இல்லையாண்ணே?"

தங்கச்சி, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில நீங்களே நாலு நம்பரா எழுதி அனுப்பிட்டீங்க, அது உங்களுக்கே தெரியல. 12,000, 13,500, 22,000, 32,000. இந்த நாலையும் வச்சுத்தான் நான் பேசப் போறேன், ஏன்னா படிப்புக்கும் வேலைக்கும் பொருத்தம் இல்லன்னா சம்பளம் என்ன ஆகும்னு உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணவங்க கண்டுபிடிச்சது அப்படியே உங்க டெஸ்க்ல உக்காந்திருக்கு.

அமெரிக்காவுல 1970கள்ல நம்ம இப்பப் படுற பாடுதான் அவங்க பட்டாங்க, காலேஜ் முடிச்ச கூட்டம் வேலைய விட வேகமா பெருகுச்சு, 1976ல ரிச்சர்ட் ஃப்ரீமேன்ங்கற பொருளாதார அறிஞர் இத வச்சு ஒரு புத்தகமே எழுதினாரு. அப்புறம் 1981ல டங்கன், ஹாஃப்மன்னு ரெண்டு பேரு ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. ஒருத்தர் படிச்ச வருஷத்த மொத்தமா எண்ணாம ரெண்டாப் பிரிச்சாங்க: அந்த வேலைக்குத் தேவையான படிப்பு எத்தன வருஷம், அதுக்கு மேல கூடுதலா இருக்கற படிப்பு எத்தன வருஷம். தேவையான ஒரு வருஷப் படிப்புக்கு சம்பளத்துல எம்புட்டு கூடுதோ, கூடுதலா இருக்கற ஒரு வருஷத்துக்கு அதுல சுமார் பாதிதான் கூடுது. சைபர் இல்ல, பாதி. அதுக்கப்புறம் பல நாட்டுல இதே கணக்கப் போட்டுப் பாத்தாங்க, நம்பர் அங்கிட்டு இங்கிட்டு மாறும், ஆனா கதை பெரும்பாலும் இதேதான்.

இப்ப உங்க டெஸ்க்குக்கு வாங்க. ப்ளஸ் டூ பொண்ணுக்கு 12,000, அதே நாள் சேர்ந்த உங்களுக்கு 13,500. அந்த 1,500 தான் உங்க நாலு வருஷ பி.இ.க்கு அந்த நாற்காலி குடுத்த வெல. அதே பி.இ.க்கு கோயம்புத்தூர் நாற்காலி 32,000 குடுக்குது. ஆக டிகிரிக்கு மதிப்பு இல்லாமப் போகல, அத எந்த நாற்காலில கொண்டு போய் உக்கார வைக்கிறோங்கறதுதான் பேச்சு. (32,000த்தோட நேரா ஒப்பிட்டு மனசு ஒடஞ்சு போகாதீங்க, அவங்க ஊரு வேற, ஹாஸ்டல் வாடகை வேற, நடுவுல ரெண்டு வருஷம் வீட்ல இருந்த கேப்பும் அவங்களுக்கு இருந்திருக்காது.)

இதுலயே ரெண்டு வகை இருக்கு, உங்களுக்கு ரெண்டுமே சேர்ந்து வந்துருச்சு. ஒண்ணு, ப்ளஸ் டூ போதுங்கற வேலைல பி.இ. உக்கார்றது, அது மேல கீழ பொருந்தாதது. இன்னொண்ணு எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு க்ளெய்ம் பாக்குறது, அது பக்கவாட்டுல பொருந்தாதது. ரெண்டாவது மட்டும்னா பெரிசா அடி விழாது, கணக்குப் படிச்சவங்க பேங்க்ல போய் நல்லா சம்பாதிக்கலையா, ஆனா ஒரு குறிப்பிட்ட தொழிலுக்குன்னே படிச்ச படிப்ப விட்டுட்டு வேற பக்கம் போனா அடி கொஞ்சம் பலமா விழும், அதுல மேல கீழயும் சேர்ந்துட்டா உங்க பே ஸ்லிப் மாதிரி ஆயிரும்.

சரி, முதலாளி ஏன் ப்ளஸ் டூ வேலைக்கு பி.இ. எடுக்குறாரு? கிடைக்குது, எடுக்குறாரு, அம்புட்டுதான். தமிழ்நாட்டுல காலேஜ் வயசுப் புள்ளைங்கள்ல காலேஜ்ல சேர்ற விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம், இந்தியா மொத்தத்துக்கு 28.4 தான். நல்ல விஷயம், நம்ம அம்மாக்களுக்கு கிடைக்காதது நமக்குக் கிடைச்சிருக்கு. ஆனா டிகிரி கேக்குற நாற்காலி அதே வேகத்துல பெருகல. மத்திய அரசோட 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே பட்டதாரிகள்ல பாதிக்கு மேல தன் படிப்புக்குக் கீழான வேலைலதான் இருக்காங்கன்னு சொல்லுது. இது ரேஷன் கடை க்யூ மாதிரிதான், டிகிரி இருந்தா க்யூல முன்னாடி நிக்கலாம், ஆனா கவுன்ட்டருக்குப் போனதும் குடுக்குற அரிசி கார்டுக்கு இவ்வளவுன்னு ஏற்கனவே எழுதி வச்சதுதான்.

நானே இந்தப் பாவத்த பண்ணிருக்கேன். இப்ப 20 வருஷமா மதுரை, திண்டுக்கல் பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் குடுக்குறேன், அதுக்கு முன்னாடி ஒரு ஃபேக்டரில ஹெச்ஆர்ல இருந்தேன். ஒரு வருஷம் மிஷின் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கணும், வழக்கமா கே.புதூர் ஐடிஐல இருந்துதான் எடுப்போம், அந்த வருஷம் பாத்தா அதே சம்பளத்துக்கு பி.இ. மெக்கானிக்கல் பசங்க வரிசைல நிக்கிறாங்க. எங்க மேனேஜருக்கு ஒரே குஷி, எனக்கும்தான், பாதிக்குப் பாதி பி.இ. எடுத்தோம். எட்டு மாசத்துல அதுல பெரும்பாலும் காலி. இருந்தவங்களும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, ஷிஃப்ட் முடிஞ்சதும் வேற வேலை தேடுறதுதான் வேல. ஐடிஐ பையன் ஒருத்தன் மட்டும் மிஷின் சத்தம் மாறுனா கை வச்சுப் பாத்தே பேரிங் போகப் போகுதுன்னு சொல்லுவான், அவன் நின்னான், போர்மேன் ஆனான். அதுக்கப்புறம் அந்த ஃபேக்டரில எந்த பி.இ. பையனுக்கும் ட்ரெயினிங்க்கு செலவு பண்ண மாட்டேன்னுட்டாங்க. உங்ககிட்ட 'நீ எப்படியும் போயிருவ'ன்னு சொல்றாங்கள்ல, அது இந்த மாதிரி சூடு பட்ட வாயில இருந்து வர்றது. அதுக்காக அது நியாயம்னு சொல்ல வரல. போயிருவாங்கன்னு ஹைக் குடுக்க மாட்டாங்க, ஹைக் குடுக்கலன்னு இவங்க போவாங்க, இவங்க போனத வச்சு அடுத்தவங்களுக்கும் குடுக்க மாட்டாங்க.

அதே ஃபேக்டரிக்கு இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையன் பயோடேட்டால டிப்ளமோ வரைக்கும்தான் எழுதியிருந்தான், மூணு வருஷம் என்ன பண்ணனு கேட்டா முழிக்கிறான், கடைசில பாத்தா பி.இ.ய மறைச்சிருக்கான். கல்யாணப் பத்திரிகைல பேருக்குப் பின்னாடி போட்டுக்கிற எழுத்த வேலைக்கு வரும்போது மறைக்க வேண்டியிருக்கு பாருங்க.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசக்கும். படிப்பு கூடுதலா இருக்குன்னு புலம்புறவங்க எல்லாருமே நெசத்துல கூடுதலா இருக்கறவங்க கெடையாது. சிலருக்கு சர்ட்டிபிகேட்தான் பி.இ., கைல இருக்கற வேலை டிப்ளமோ அளவுதான், அது அவங்க தப்பு மட்டும் இல்ல, லேப் பூட்டியே கெடந்த காலேஜ் எத்தன இருக்கு. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மல்டிமீட்டர கைல எடுத்து அஞ்சு வருஷம் ஆச்சுன்னா அதையும் கணக்குல வைங்க.

அடுத்து வீட்ல சொல்ற 'மதுரையத் தாண்டக் கூடாது'. 1978லயே ராபர்ட் ஃப்ராங்க்னு ஒருத்தரு எழுதியிருக்காரு, குடும்பத்துக்காக ஒரே ஊர்ல கட்டுண்டு கெடக்குற பொம்பளைங்களுக்குத்தான் படிப்புக்குக் குறைஞ்ச வேலை அதிகமா அமையும், ஏன்னா தேடுற வட்டம் சின்னது. அவரு அமெரிக்காவுல புருஷன் வேலைக்காக ஊர் மாறுற பொண்டாட்டிய வச்சு எழுதினாரு, நமக்கு அப்பா, அண்ணன், கடைசி பஸ்ஸு. திருமங்கலத்துல இருந்து மதுரை ஒரு 20 கிலோமீட்டர், டவுன் பஸ்ல டிக்கெட்டும் இல்ல, அதனால நீங்க தினமும் போய்ட்டு வர்றது வீட்டுக்கு ஓகே. அதே பஸ் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வாசல்லயும் நிக்கும். ஊரத் தாண்டுங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, சண்ட போட வேண்டியது நீங்க, நான் இல்ல. ஆனா வட்டத்த ஆஸ்பத்திரி, வீடுன்னு வைக்காம மதுரை பூராம்னு வைங்க, அங்கிட்டு இலந்தைக்குளம், இங்கிட்டு வடபழஞ்சி எல்காட் ஐடி பார்க் வரைக்கும்.

2020 பேட்ச்ங்கறதும் சும்மா இல்ல. கனடாவுல காலேஜ் முடிச்சவங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்திருக்காங்க, பொருளாதாரம் படுத்த வருஷத்துல வேலைக்கு வந்தவங்களுக்கு அந்த சம்பளக் குறைவு சரி ஆகறதுக்கு எட்டு, பத்து வருஷம் ஆச்சு. சீக்கிரம் மீண்டவங்க யாருன்னா, முதல்ல கிடைச்ச கம்பெனிலயே குந்திக்கிட்டு இருக்காம நல்ல கம்பெனிக்கு மாறுனவங்க. நம்ம ஊர்ல அந்தத் தழும்பு ஏன் அழியாதுன்னா 'லாஸ்ட் ட்ரான் சாலரி (கடைசியா வாங்குன சம்பளம்) எவ்வளவு'ன்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அதுதான். 15,500 ஸ்லிப்ப காட்டுனா அதுல 20, 30 பர்சென்ட் ஏத்தி 20,000ன்னு முடிச்சிருவாங்க. கேட்டா பொய் சொல்லாதீங்க, பிஎஃப்ல தெரிஞ்சிரும், ஆனா 'நான் வேற ரோல்ல இருந்தேன், இந்த ரோலுக்கு உங்க சம்பள பேண்டு எதுல இருந்து எதுவரைக்கும்னு சொல்லுங்க'ன்னு பேச்ச நாற்காலி பக்கம் திருப்புங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்து கேக்குறவன், சொல்றேன், இப்படிக் கேட்டா நாங்க கொஞ்சம் தடுமாறுவோம்.

இனி என்ன பண்ணலாம்.

உங்க ஆஸ்பத்திரிலயே பேஸ்மென்ட்லயோ ஆபரேஷன் தியேட்டர் பக்கமோ பயோமெடிக்கல்னு ஒரு ரூம் இருக்கும், பாத்திருப்பீங்க. ஐசியு மானிட்டர், வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், ஈசிஜி மிஷின் எல்லாத்துக்கும் காலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டுறது, சர்வீஸ் ரெஜிஸ்டர் எழுதுறது, கம்பெனி ஆளக் கூப்பிட்டு ரிப்பேர் பாக்குறது அவங்கதான். என்ஏபிஎச்ங்கற ஆஸ்பத்திரி தர அங்கீகாரம் வாங்கணும்னா மிஷின் ஒவ்வொண்ணுக்கும் பராமரிப்பு ரெக்கார்டு இருந்தாகணும், அதனால அந்த ரூம் இல்லாம பெரிய ஆஸ்பத்திரி ஓடாது. அங்க பயோமெடிக்கல் படிச்சவங்களுக்கு அடுத்தபடியா இசிஇ, இஐஇ (எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன்) ஆளுங்களத்தான் எடுப்பாங்க. நீங்க மூணு வருஷமா அந்த பில்டிங்ல இருக்கீங்க, எந்த வார்டு எங்க, எந்த சிஸ்டர்கிட்ட எப்படிப் பேசணும் எல்லாம் தெரியும், வெளில இருந்து வர்ற ஃப்ரெஷருக்கு இது தெரியாது. இன்சூரன்ஸ் சீட்டுல உங்க பி.இ. கூடுதல் படிப்பு, லிஃப்ட்ல ஒரு மாடி எறங்குனா அதே பி.இ. தேவையான படிப்பு. முதல்ல அதே 15,500 தான்னு சொன்னாலும் மாறலாம்னுதான் சொல்வேன், ஏன்னா அங்க ரெண்டு வருஷம் இருந்துட்டா மெடிக்கல் எக்விப்மென்ட் கம்பெனிக்கு சர்வீஸ் இன்ஜினியரா போற வழி இருக்கு. அலையணும், அது வீட்ல ஒத்துக்குவாங்களாங்கறது வேற.

எலெக்ட்ரானிக்ஸ்ல இனி ஆர்வமே இல்ல, க்ளெய்ம் வேலை பிடிச்சுப்போச்சுன்னா அதையே பெரிய நாற்காலிக்குக் கொண்டு போங்க. ப்ரீ-ஆத் (முன் அனுமதி) அனுப்புறது, டிபிஏ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பாக்குற நடு ஏஜென்சி, கேக்குற கொரிக்கு (கேள்விக்கு) பதில் போடுறது, என்ஹான்ஸ்மென்ட் (அனுமதிச்ச தொகைய கூட்டச் சொல்லி) கேக்குறது, ஃபைனல் அப்ரூவல்ல எத ஏன் கட் பண்ணாங்கன்னு புரிஞ்சுக்குறது, இந்த வேலை தெரிஞ்ச ஆளு டிபிஏக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வேணும். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லிங் பாக்குற கம்பெனிகள்ல ஏஆர் காலிங்க்கு (வராத பில் பணத்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டுக் கேக்குறது) எந்த டிகிரியும் ஓகே, ஆனா நைட் ஷிஃப்ட்டு. மெடிக்கல் கோடிங் (வியாதி, சிகிச்சைய பில்லுக்கான கோடா மாத்துறது) பகல்லயே இருக்கும், அதுக்கு சிபிசின்னு ஒரு சர்ட்டிபிகேட் பரீட்சை உண்டு, அங்க நர்ஸிங், பார்மஸி, பயாலஜி படிச்சவங்களத்தான் முதல்ல பாப்பாங்க, அதனால பீஸ் கட்றதுக்கு முன்னாடி பி.இ. இசிஇய எடுப்பீங்களான்னு அந்தக் கம்பெனிலயே கேளுங்க, கோச்சிங் சென்டர்ல கேக்காதீங்க.

ஹைக் விஷயத்துல 'நான் பி.இ.'ன்னு இனிமே வாயத் தெறக்காதீங்க. அந்த நாற்காலிக்கு பி.இ. வேண்டாம்னு அவங்களுக்குத் தெரியும். போன ஆறு மாசத்துல எத்தன க்ளெய்ம் போட்டீங்க, எத்தன ரிஜெக்ட் ஆச்சு, டிஸ்சார்ஜ் சொன்னதுல இருந்து அப்ரூவல் வர எத்தன மணி நேரம், இத ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க.

குரூப் 4. சித்தப்பா சொல்றதுல தப்பில்ல. பத்தாம் வகுப்பு தகுதிக்கான பரீட்சை, ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு அடிப்படைச் சம்பளமே 19,500, டிஏ எல்லாம் சேர்ந்தா மொத்தம் 30,000த்தத் தாண்டும். அங்க சம்பளம் பதவிக்குத்தான், ஆளோட டிகிரிக்கு இல்ல. படிப்புக்கு எவ்வளவோ கீழ இருக்கற வேலைதான், ஆனா பொருத்தமான பிரைவேட் வேலைய விட சம்பளம் கூட, அதனாலதான் பி.இ.யும் எம்.ஃபில்லும் எழுதுறாங்க. 2024ல 6,244 இடம்னு அறிவிச்சாங்க, அப்புறம் கூட்டுனாங்க, விண்ணப்பிச்சது 20 லட்சம் பேருக்கு மேல. நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க, எத்தன பேரு உக்காந்து படிக்கிறாங்கன்னு தெரியும். எழுதுங்க, ஆனா வேலைய விட்டுட்டு எழுதாதீங்க, ரெண்டு தடவைக்கு மேலயும் எழுதாதீங்க. உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு வருஷ கேப்பு இருக்கு, இன்னொரு கேப்பு வந்தா எந்த ஹெச்ஆரும் அதத்தான் முதல்ல பாப்பாரு, நானும்தான்.

எம்பிஏ. அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: இருக்கற கூடுதல் படிப்புக்கே நாற்காலி பாதி வெலதான் குடுக்குது, அதுக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்தா அதுவும் கூடுதல் கணக்குலதான் போய் விழும். ஒரே ஒரு சூழ்நிலைல சேரலாம், உங்க ஆஸ்பத்திரில ஆபரேஷன்ஸ் மேனேஜர், குவாலிட்டி எக்ஸிக்யூட்டிவ் சீட்டுல இப்ப இருக்கறவங்க எம்பிஏ வச்சுத்தான் வந்தாங்கன்னா, அந்த சீட்டு காலியாகப் போகுதுன்னா, மேனேஜ்மென்ட் வாயாலயே 'முடிச்சிட்டு வா பாக்கலாம்'னு சொன்னா. அப்பக்கூட ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன்தான் எடுக்கணும்.

கடைசியா அந்த அக்கா. அவங்க மேல ஒரு சின்ன எரிச்சல் உங்க லெட்டர்ல தெரியுது. நீங்க இன்னொரு எடத்துல எழுதியிருந்தீங்க, அந்த அக்கா டிஸ்சார்ஜ் சம்மரிய ஒரு தடவ மேலோட்டமா பாத்தாலே 'பத்து வருஷமா பிபி'ங்கற வரில வெரல வச்சு, இதுல பழைய வியாதியான்னு கொரி வரும், ட்யூட்டி டாக்டருக்கு இப்பவே போன் போடுன்னு சொல்லிருவாங்கன்னு. 22,000 அந்த வெரலுக்குத்தான். அவங்க நெசத்துல பாக்குறது இன்சார்ஜ் வேலை, அதனால டங்கன், ஹாஃப்மன் கணக்குல அவங்களுக்கும் ஒரு எடம் இருக்கு: வேலைக்குத் தேவையானத விடக் கம்மியா படிச்சவங்க. அவங்க படிப்புக்கு வெளில கிடைக்கிறத விட அதிகமா வாங்குவாங்க, ஆனா அதே வேலைய தேவையான படிப்போட பாக்குறவங்கள விட கம்மியா வாங்குவாங்க. 12 வருஷமா அந்த டெஸ்க்க நடத்துறது அவங்கதான்னு நீங்களே சொல்றீங்க, ஆனா இன்சார்ஜ் போர்டுல பேரு வேற யாரோடதோ இருக்கும், சரிதானே? டிகிரி கேப்பாங்க அந்த போர்டுக்கு.

உங்க ரெண்டு பேர்ல இனி ஒரு டிகிரி படிச்சா முழு வெலை கிடைக்கப் போறது அவங்களுக்குத்தான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பிபிஏவோ பி.காமோ, ப்ளஸ் டூ பாஸ் போதும். அப்பா வாங்கி வச்சிருக்கற எம்பிஏ ப்ராஸ்பெக்டஸ்ல பின்னாடி இளநிலைப் படிப்பு லிஸ்ட்டும் இருந்தா அந்தப் பக்கத்த கிழிச்சுக் கொண்டு போய் அக்காகிட்ட குடுங்க. குடுத்துட்டு அப்படியே லிஃப்ட்ல எறங்கி பயோமெடிக்கல் ரூமுக்குப் போங்க, மத்தியானம் ரெண்டு, ரெண்டரைக்கு போனீங்கன்னா அவங்க ரவுண்ட்ஸ் முடிச்சு சாப்பிட்டுட்டு சும்மா இருப்பாங்க.